அமெரிக்காவில் பள்ளி உளவியலாளர் ஆவதற்கான பட்டமேற்படிப்பும் பயிற்சியும்: முழுமையான வழிகாட்டி

மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஒரு குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறது என்றால், அதற்குக் காரணம் கற்றல் குறைபாடா, கவனக் குறைபாடா, வீட்டில் வேறு மொழி பேசுவதா, அல்லது இதுவரை யாரும் முறையாகச் சொல்லித் தராததா என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் பெரும்பாலும் பள்ளி உளவியலாளரிடமே வந்து சேருகிறது. அவர் எழுதும் அறிக்கையும், குழுக் கூட்டத்தில் அவர் சொல்லும் கருத்தும் அந்தக் குழந்தைக்குச் சிறப்புக் கல்வி கிடைப்பதிலும் கிடைக்காமல் போவதிலும் பெரும்பங்கு வகிக்கின்றன. இத்தகைய பொறுப்பை ஏற்பவர் எத்தகைய பயிற்சி பெற வேண்டும், அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும், எந்தக் கட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இந்தக் கட்டுரை வரிசையாக விளக்குகிறது. அமெரிக்காவில் குடியேறியுள்ள தமிழர்களையும், தமிழ்நாட்டில் உளவியலில் இளநிலைப் பட்டம் முடித்து அங்கே மேற்படிப்புக்குச் செல்ல எண்ணுவோரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது.

தொழிலின் இயல்பை முதலில் அறிதல்

பள்ளி ஆலோசகரும் பள்ளி உளவியலாளரும் ஒருவரே என்று பலர் எண்ணுகின்றனர். ஆலோசகர் பாடத் தேர்வு, கல்லூரி விண்ணப்பம், அன்றாட மனக்கவலைகள் ஆகியவற்றில் பள்ளி மாணவர் அனைவருக்கும் துணை நிற்பவர். உளவியலாளரின் வேலையில் மதிப்பீடு, தலையீட்டுத் திட்டம் (குழந்தையின் சிக்கலைச் சரிசெய்யும் உதவித் திட்டம்) வகுத்தல், ஆசிரியர்களோடு கலந்தாலோசித்தல், நெருக்கடிக் காலச் செயல்பாடு ஆகியவை முன்னிற்கின்றன. இருவருக்கும் தனித்தனிப் பட்டமும் தனித்தனி உரிமமும் உண்டு. ஒன்றைப் படித்துவிட்டு மற்றொன்றாகப் பணியாற்றிவிடலாம் என்று எண்ணிச் சேர்ந்தவர்கள் பின்னர் ஆண்டுகளை இழக்க நேரிடும்.

லைட்னர் விட்மர் 1896-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய உளவியல் மருத்துவமனையிலிருந்து இத்துறையின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். ஆயினும் இது இவ்வளவு பெரிய தொழிலாக வளர்ந்ததற்கு 1975-இல் இயற்றப்பட்ட ஊனமுற்ற குழந்தைகள் அனைவருக்கும் கல்வி வழங்கும் சட்டமே முதன்மைக் காரணம். அச்சட்டம் 1990-இல் பெயர் மாற்றம் பெற்று, 2004-இல் திருத்தப்பட்டு, இன்று 'ஐடியா' என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. பெற்றோர் எழுத்துமூலம் இசைவு தந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள், அல்லது மாநிலம் தனியாகக் காலக்கெடு வகுத்திருந்தால் அதற்குள், முதல் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். பெற்றோரும் பள்ளியும் வேண்டாம் என்று உடன்பட்டாலொழிய, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். பள்ளி உளவியலாளரின் நாட்குறிப்பை நிரப்புபவை இந்தக் கெடுக்களே. பயிற்சிக் காலத்திலேயே இதை உணர்ந்துகொள்வது நல்லது.

எந்தப் பட்டம் என்று முடிவு செய்தல்

பள்ளியில் பணியாற்ற முனைவர் பட்டம் தேவையில்லை. பெரும்பான்மையோர் 'ஸ்பெஷலிஸ்ட்' நிலை எனப்படும், முதுநிலைக்கும் முனைவருக்கும் இடைப்பட்ட பட்டத்தோடு பணியில் சேருகின்றனர். எட்.எஸ். என்பது அதில் பரவலாக வழங்கும் பெயர்; சில பல்கலைக்கழகங்கள் முதுநிலைப் பட்டத்தோடு ஒரு மேல்நிலைச் சான்றிதழைச் சேர்த்து வழங்குகின்றன. தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கமான 'நாஸ்ப்' 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இந்நிலைப் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு முழுநேரப் படிப்பு, 60 செமஸ்டர் மணி அலகுகள், 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப் (மேற்பார்வையோடு கூடிய களப்பணி) ஆகியவை தேவை. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 90 அலகுகளும் 1,500 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் தேவைப்படுவதோடு ஆய்வேடும் சேர்ந்துகொள்வதால், ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் ஆவது இயல்பு.

முனைவர் பட்டம் யாருக்குத் தேவை? பல்கலைக்கழகத்தில் கற்பிக்க விரும்புவோருக்கு, ஆய்வில் ஈடுபட எண்ணுவோருக்கு, பள்ளிக்கு வெளியே மருத்துவமனையிலோ தனி அலுவலகத்திலோ உரிமம் பெற்ற உளவியலாளராகப் பணியாற்ற நினைப்போருக்கு அது தேவை. கடைசியில் சொன்ன நோக்கம் உடையவர்கள், அமெரிக்க உளவியல் சங்கமான ஏ.பி.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற முனைவர் திட்டத்தையே தேட வேண்டும். பள்ளியில் குழந்தைகளோடு பணியாற்றுவதே நோக்கம் என்றால், ஸ்பெஷலிஸ்ட் பட்டமே போதுமானது என்பது என் உறுதியான கருத்து. கூடுதலாக இரண்டு மூன்று ஆண்டுகளைச் செலவிடுவது பள்ளிப் பணியின் தரத்தைத் தானாகவே உயர்த்திவிடாது. வெறும் இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் கிடைக்காது என்பதையும் மறக்கலாகாது.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தல்

தேர்வின் முதல் அளவுகோல் நாஸ்ப் அங்கீகாரம். அங்கீகாரம் பெற்ற திட்டத்தில் படித்தவர் தேசியச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது எளிது. அங்கீகாரம் இல்லாத திட்டத்தில் படித்தவரோ ஒவ்வொரு பாடத்தின் திட்ட அறிக்கையையும் காட்டித் தம் பயிற்சி இணையானது என்று நிறுவ வேண்டியிருக்கும். அடுத்தது, எந்த மாநிலத்தில் பணியாற்றப் போகிறோம் என்ற கேள்வி. உரிமம் வழங்குவது மாநிலமே. கலிபோர்னியாவில் அதற்குப் பெயர் மாணவர் சேவைப் பணியாளர் சான்று. டெக்சாஸில் பள்ளி உளவியல் உரிமத்தை வழங்குவது உளவியலாளர் வாரியம். ஒரு மாநிலத்தின் விதிக்கேற்ப அமைந்த படிப்பு மற்றொரு மாநிலத்தில் அப்படியே ஏற்கப்படும் என்று முன்கூட்டியே கருதிவிடக் கூடாது. இணையவழியில் நடத்தப்படும் திட்டங்களைத் தேர்ந்தெடுப்போர் இதை இருமடங்கு கவனத்தோடு விசாரிக்க வேண்டும். பாடம் இணையத்தில் நடந்தாலும் களப்பயிற்சியை நேரில் ஒரு பள்ளியில்தான் செய்தாக வேண்டும், அந்தப் பள்ளியைத் தேடித் தருவது யார் பொறுப்பு என்பதும் திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

இவை எல்லாம் வாசலைத் தாண்டுவதற்கான நிபந்தனைகள் மட்டுமே. உண்மையில் ஒருவரை நல்ல பள்ளி உளவியலாளராக்குவது, களத்தில் அவருக்கு வாய்க்கும் மேற்பார்வையாளர். எனவே பல்கலைக்கழகத்தின் பெயரையும் தரவரிசையையும் பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது மேற்பார்வை பற்றி விசாரிக்கச் செலவிட வேண்டும் என்று வலியுறுத்துவேன். மாணவர்கள் எந்தப் பள்ளி மாவட்டங்களுக்கு (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்புகளுக்கு) அனுப்பப்படுகின்றனர்? மாணவர் குழந்தையோடு அமர்ந்து செய்யும் மதிப்பீட்டைப் பேராசிரியர் ஒளிப்பதிவில் பார்த்துத் திருத்துகிறாரா, அல்லது மதிப்பெண் தாளை மட்டும் பார்க்கிறாரா? இன்டர்ன்ஷிப்புக்கு ஊதியம் உண்டா? தற்போது இரண்டாம் ஆண்டில் படிக்கும் மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேச அனுமதி உண்டா? இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் சேரத் தயங்குவதில் தவறில்லை.

விண்ணப்பம்

டிசம்பர் தொடங்கி பிப்ரவரிக்குள் பெரும்பாலான விண்ணப்பக் கெடுக்கள் முடிந்துவிடுகின்றன; நேர்காணல்கள் ஜனவரி முதல் மார்ச் வரை நடைபெறும். இளநிலையில் உளவியலே படித்திருக்க வேண்டும் என்பதில்லை; புள்ளியியல், குழந்தை வளர்ச்சி, அசாதாரண உளவியல் போன்ற சில அடிப்படைப் பாடங்களைக் கேட்பார்கள். ஜி.ஆர்.இ. தேர்வைப் பல திட்டங்கள் கைவிட்டுவிட்டன. இந்தியாவின் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி எழுத்துமூலம் பதில் பெற்றுவிடுவது அவசியம்.

நோக்க அறிக்கையில் 'குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்' என்று எழுதுவதால் பயன் விளையாது. எல்லா விண்ணப்பதாரரும் அதையே எழுதுகின்றனர். சிறப்புக் கல்வி வகுப்பில் உதவியாளராக இருந்த காலத்தில் ஒரு குழந்தையிடம் எதைக் கவனித்தீர்கள், அது உங்களுக்குள் எந்தக் கேள்வியை எழுப்பியது என்று எழுதுவதே தேர்வுக் குழுவின் கவனத்தைப் பெறும். அமெரிக்கப் பள்ளி அமைப்பை அறியாத நம்மவர்கள், விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு பள்ளியில் தன்னார்வலராகவோ உதவி ஆசிரியராகவோ சில மாதங்கள் இருந்து பார்ப்பது பெரிதும் பயன் தரும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முனைவர் மாணவர்களுக்கு உதவித்தொகையோடு கூடிய துறைப்பணி கிடைப்பது போல ஸ்பெஷலிஸ்ட் மாணவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கான மத்திய அரசின் 'கிராட் பிளஸ்' கடன் 2026 ஜூலை 1 முதல் புதிய கடன்தாரர்களுக்கு இல்லை என்று சட்டம் ஆகிவிட்டதால், குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களும் தம் செலவுக் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பொதுப் பள்ளியில் பணியாற்றியபடி தகுதியான 120 மாதத் தவணைகளைச் செலுத்தியவருக்கு, மத்திய அரசுக் கடனில் எஞ்சியதைத் தள்ளுபடி செய்யும் பொதுச்சேவைத் திட்டமும் உண்டு. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வருவோர், படிப்பின் பகுதியாகப் பணியாற்றும் சி.பி.டி. அனுமதியை முழுநேரமாக 12 மாதம் பயன்படுத்திவிட்டால், பட்டத்துக்குப் பிந்தைய பணி அனுமதியான ஓ.பி.டி. வாய்ப்பை அந்தப் பட்ட நிலையில் இழந்துவிடுவார்கள். பள்ளி ஆண்டு அதைவிடக் குறைவு என்பதால் இன்டர்ன்ஷிப் பொதுவாக இடையூறாவதில்லை. எனினும் தேதிகளைப் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தோடு சரிபார்த்த பிறகே ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும்.

முதலாம் ஆண்டு: அளவிடக் கற்றல்

முதலாம் ஆண்டில் குழந்தை வளர்ச்சி, புள்ளியியல், சட்டமும் தொழில் அறமும், அறிவுத்திறன் மதிப்பீடு ஆகியவை இடம்பெறும். இவற்றுள் மாணவர்களை மிகவும் வருத்துவது கடைசிப் பாடமே. 'விஸ்க்' எனப்படும் வெக்ஸ்லர் குழந்தைகள் அறிவுத்திறன் அளவுகோலின் ஐந்தாம் பதிப்பை, தன்னார்வக் குழந்தைகளிடம் திரும்பத் திரும்ப நடத்திப் பழக வேண்டும். கையேட்டில் உள்ள வாக்கியத்தை ஒரு சொல்லும் மாறாமல் சொல்ல வேண்டும். குழந்தை சொல்லும் விடையை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். நேரமானியைக் குழந்தையின் கவனத்தைக் கலைக்காமல் இயக்க வேண்டும். எந்த இடத்தில் தொடங்குவது, எத்தனை தொடர் தவறுகளுக்குப் பின் நிறுத்துவது என்ற விதிகளை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். குழந்தை ஒரு விடையைச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்கும்போது 'சரி, நன்று' என்று தலையசைத்துவிட்டால், அடுத்த விடையின் இயல்பு மாறிவிடும்.

மிகச் சிறியதாகத் தோன்றும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் வயதைக் கணக்கிடுவது. தேர்வு நாள் 2025 மார்ச் 10, பிறந்த நாள் 2016 ஆகஸ்ட் 25 என்று கொள்வோம். பத்தில் இருபத்தைந்து போகாது என்பதால் மாதத்திலிருந்து 30 நாட்களைக் கடன் வாங்கினால் நாள் 15, எஞ்சிய இரண்டு மாதத்தில் எட்டுப் போகாது என்பதால் ஆண்டிலிருந்து 12 மாதங்களைக் கடன் வாங்கினால் மாதம் 6, ஆண்டு 8. ஆகவே வயது 8 ஆண்டு 6 மாதம் 15 நாள். ஒப்பீட்டு அட்டவணைகள் சில மாத இடைவெளியில் பிரிக்கப்பட்டுள்ளதால், இங்கே ஒரு பிழை நேர்ந்தால் குழந்தை வேறொரு வயதுக் குழுவோடு ஒப்பிடப்பட்டு, அதன்பின் வரும் மதிப்பெண்கள் யாவும் தவறாகிவிடக்கூடும். மென்பொருள் இக்கணக்கைச் செய்துவிடும் காலத்திலும் பேராசிரியர்கள் கையால் செய்யச் சொல்வதன் காரணம் அதுவே.

மதிப்பெண்ணைப் பெறுவதைவிடப் பொருள் கொள்வது கடினம். சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவியிருக்கும் அளவு) 15 என்ற அளவில் 85 பெற்ற குழந்தை, அதன் வயதுடைய நூறு குழந்தைகளில் ஏறத்தாழ பதினாறாம் இடத்தில், கீழிருந்து எண்ணி, நிற்கிறது. அந்த எண்ணைச் சுற்றி ஒரு பிழை வரம்பு உண்டு. குழந்தை அன்றைக்குச் சரியாக உறங்காமல் வந்திருக்கலாம். தேர்வின் மொழி வீட்டு மொழியாக இல்லாதிருக்கலாம். கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் தேர்வு வைத்து, அவர்களை அறிவு வளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்த்ததை எதிர்த்துத் தொடரப்பட்ட டயானா வழக்கு 1970-இல் உடன்பாட்டில் முடிந்தது. அறிவுத்திறன் தேர்வைக் கொண்டு கறுப்பினக் குழந்தைகளை அத்தகைய வகுப்புகளில் சேர்ப்பதைத் தடுத்த லாரி பி. வழக்கின் தீர்ப்பு 1979-இல் வந்தது. இவ்விரு வழக்குகளையும் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டுக் கடந்து செல்லலாகாது. இன்றும் குழந்தையை அதன் தாய்மொழியிலோ, அதன் திறனை உண்மையாகக் காட்டும் வடிவிலோ மதிப்பிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தமிழில் மட்டும் பேசும் பாட்டியிடம் வளர்ந்த ஐந்து வயதுக் குழந்தை, அமெரிக்கப் பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டில் பேசாமல் அமர்ந்திருந்தால், அது மொழி பழகும் காலத்தின் மௌனமா, பேச்சுக் குறைபாடா என்று பிரித்தறிய, தமிழ் அறிந்த உளவியலாளர் ஒருவர் இருப்பது எத்துணைப் பெரிய வாய்ப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் ஆண்டு: வகுப்பறைக்குள்

இரண்டாம் ஆண்டில் வாரத்தில் ஒன்றிரண்டு நாட்கள் பள்ளியிலேயே கழியும். இதைப் 'பிராக்டிகம்' என்பார்கள். குற்றப் பின்னணிச் சோதனையையும் கைரேகைப் பதிவையும் கோடை விடுமுறையிலேயே முடித்துவைக்க வேண்டும். தாமதமானால் பள்ளிக்குள் நுழைய இயலாது. கலந்தாலோசனை, ஆலோசனை அளித்தல், கல்வித் தலையீடு, நடத்தை மதிப்பீடு ஆகிய பாடங்கள் களப்பணியோடு இணைந்து செல்லும்.

நடத்தை மதிப்பீட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வாசிப்பு நேரம் தொடங்கியதும் தாளைக் கிழித்து எறியும் சிறுவன் ஒருவனை ஆசிரியர் மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி மாணவர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து மூன்று பத்திகள் கொண்ட தாளில் எழுதுகிறார்: நடத்தைக்கு முன் என்ன நடந்தது, நடத்தை என்ன, அதன் பின் என்ன நடந்தது. 'கோபப்பட்டான்' என்று எழுதினால் மேற்பார்வையாளர் அச்சொல்லை அடித்து நீக்கிவிடுவார். 'தாளை இரண்டாகக் கிழித்துத் தரையில் எறிந்தான்' என்றே எழுத வேண்டும். பல நாள் பதிவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, உரக்க வாசிக்கும்படி கேட்கும்போது மட்டுமே இது நிகழ்கிறது என்றும், ஒவ்வொரு முறையும் அவன் வகுப்புக்கு வெளியே அனுப்பப்படுகிறான் என்றும் தெரியவருகிறது. அதாவது தண்டனை என்று நினைத்து ஆசிரியர் செய்வதே அவனுக்கு வாசிப்பிலிருந்து விடுதலை தருகிறது. இனிச் செய்ய வேண்டியது அவனுடைய வாசிப்புத் திறனை அளந்து பார்ப்பதும், உரக்க வாசிப்பதற்கு முன் தனியாகப் பழக வாய்ப்பளிப்பதும், சிறிது இடைவெளி வேண்டும் என்று கேட்கக் கற்றுத் தருவதும் ஆகும்.

இதை ஆசிரியரிடம் எடுத்துச் சொல்வது தனிக் கலை. முப்பது குழந்தைகளைச் சமாளிக்கும் ஒருவரிடம், இருபது ஆண்டு அனுபவம் உள்ள ஒருவரிடம், பயிற்சி மாணவர் சென்று 'நீங்கள் செய்வதே காரணம்' என்று சொன்னால் அந்தக் கதவு அதோடு மூடிக்கொள்ளும். அவர் ஏற்கெனவே முயன்றவற்றைக் கேட்டு, பதிவுத் தாளை அவர் முன் வைத்து, 'உங்களுக்கு இதில் என்ன தெரிகிறது?' என்று கேட்பதில் தொடங்க வேண்டும். கலந்தாலோசனைப் பாடத்தை எளிதான பாடம் என்று கருதும் மாணவர்கள் உண்டு. என் பார்வையில் மூன்று ஆண்டுகளில் அதுவே முதன்மையான பாடம். திட்டம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் வகுப்பறையில் அதை நிறைவேற்றுபவர் ஆசிரியரே.

அறிக்கை எழுதப் பழகுதல்

இதற்கெனத் தனி ஆண்டு இல்லை; முதல் பருவத்திலேயே தொடங்கிவிட வேண்டும். பயிற்சி மாணவர்களின் அறிக்கைகள் பெரும்பாலும் தேர்வுகளின் வரிசையில் அமைகின்றன: முதலில் ஒரு தேர்வின் விளக்கம், அதன் அட்டவணை, பின் அடுத்த தேர்வு. பெற்றோர் இருபது பக்கங்களைப் புரட்டியும் தம் குழந்தைக்கு என்ன என்று அறியாமல் கூட்டத்துக்கு வருகின்றனர். மாறாக, பரிந்துரைத்தவர் எழுப்பிய கேள்விகளையே தலைப்புகளாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் விடையையும் சான்றையும் எழுதலாம். 'செயலாக்க வேகக் குறியீடு 78, தாழ் நிலை' என்று மட்டும் எழுதாமல், 'கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுத மற்றவர்களைவிட அவளுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. ஆகவே குறிப்புகளை அச்சிட்டுக் கொடுக்கலாம்' என்று எழுதினால் ஆசிரியருக்கு மறுநாளே செய்வதற்கு ஒன்று கிடைக்கிறது.

மூன்றாம் ஆண்டு: இன்டர்ன்ஷிப்

ஒரு முழுப் பள்ளி ஆண்டு, 1,200 மணி நேரம். அதில் குறைந்தது 600 மணி நேரம் பள்ளிச் சூழலில் அமைய வேண்டும். முழுநேரப் பணி வாரத்துக்குச் சராசரி இரண்டு மணி நேரமாவது களத்திலுள்ள மேற்பார்வையாளரின் வழிகாட்டல் கிடைக்க வேண்டும் என்பது நாஸ்ப் நெறிமுறை. இந்த இரண்டு மணி நேரத்தை ஒப்பந்தத்தில் எழுதிப் பெறுங்கள். பள்ளி உளவியலாளர் பற்றாக்குறை நிலவும் மாவட்டங்களில் இன்டர்ன் ஒருவரை முழு ஊழியரைப் போல நடத்தி, மதிப்பீடுகளை மட்டும் அடுக்கித் தருவது நடக்கிறது. 500 மாணவருக்கு ஓர் உளவியலாளர் என்பது நாஸ்ப் பரிந்துரை. நடைமுறையில் பல மாவட்டங்களில் ஒருவர் அதைப் போல இருமடங்குக்கும் மேலான மாணவர்களுக்குப் பொறுப்பேற்கிறார். அச்சுமையின் ஒரு பகுதி பயிற்சி பெறுபவர் தோளில் இறங்கும்போது, ஆலோசனை அமர்வுகளும் தடுப்புப் பணிகளும் முதலில் விடுபட்டுப் போகின்றன. நாஸ்ப் வகுத்துள்ள 10 பணித்துறைகளையும் ஒரு தாளில் எழுதி, மாதந்தோறும் எதில் அனுபவம் கிடைக்கவில்லை என்று குறித்துக்கொண்டு, பல்கலைக்கழக மேற்பார்வையாளரிடம் காட்டிக் கேட்டுப் பெறுவதே இதற்குத் தீர்வு. ஜூன் மாதத்தில் கேட்பதால் பயனில்லை. அக்டோபரில் கேட்க வேண்டும்.

தற்கொலை எண்ணம் குறித்த மதிப்பீட்டில் இன்டர்ன் ஒருபோதும் தனித்து முடிவெடுக்கக் கூடாது. மாணவர் ஒருவர் அத்தகைய சொல்லைச் சொன்னால் உடனே அழைக்க வேண்டியவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வும் உரிமமும் அதன் பிறகும்

'பிராக்சிஸ்' பள்ளி உளவியலாளர் தேர்வில் தேசியச் சான்றிதழுக்கான தேர்ச்சி மதிப்பெண் 155. 2022 முதல் நடைமுறையில் உள்ள 5403 என்ற எண்ணுடைய தேர்வுக்கு இது பொருந்தும். இன்டர்ன்ஷிப் தொடங்குவதற்கு முந்தைய கோடையிலோ அதன் தொடக்கத்திலோ எழுதிவிடுவது நல்லது. பட்டம், இன்டர்ன்ஷிப், இத்தேர்வு மூன்றும் நிறைவேறியவருக்கு என்.சி.எஸ்.பி. என்னும் தேசியச் சான்றிதழ் கிடைக்கும். அது மாநில உரிமத்துக்கு மாற்று ஆகாது. எனினும் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை உரிமம் வழங்குவதற்கான ஒரு வழியாக ஏற்பதால், கணவரின் அல்லது மனைவியின் வேலை காரணமாக மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை 75 மணி நேரத் தொடர்கல்வியோடு அதைப் புதுப்பிக்க வேண்டும்.

முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஊதியத்தோடு மூன்று விவரங்களைக் கேட்டறிய வேண்டும்: எத்தனை பள்ளிகளுக்கு ஒருவர் பொறுப்பு, கடந்த ஆண்டு ஒவ்வொருவரும் எத்தனை மதிப்பீடுகளைச் செய்தனர், புதியவருக்கு வழிகாட்டியாக மூத்த உளவியலாளர் ஒருவர் நியமிக்கப்படுவாரா. மூன்றாவதற்கு 'இல்லை' என்ற விடை வந்தால், ஊதியம் கூடுதலாக இருந்தாலும், வழிகாட்டி உள்ள மற்றொரு மாவட்டத்தையே முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்குமாறு பரிந்துரைக்கிறேன்.